கங்கை ஓங்கிலும் நம் வரையாடும்

பாட்னாவிலும் பாகல்பூரிலும் வாழும் நம் அன்பர்கள் கங்கைக் கரையில் சற்றுப் பொழுது நின்று நோக்கினால், நீண்ட மூக்குடைய உயிர் ஒன்று நீர்மேல் எழுந்து, மூச்சு விட்டு, நொடியில் மறைவதைக் காணக்கூடும். அதுவே கங்கை ஓங்கில். டால்பின் என்பதும் அதனையே. அங்குள்ள மக்கள் 'சூன்ஸ்' என்பர். நம் தாயகத்து மேற்கு மலைத் தொடரில், செங்குத்தான பாறைமீது கால் பிசகாமல் நிற்பது வரையாடு. இவ்விரண்டினையும் இம்மாதம் ஒப்பிட்டு நோக்குவோம்.

ஓங்கில் நன்னீரை விட்டு அகலாதது. அதன் கண்ணில் வில்லை இல்லை. கலங்கிய நீரில் ஒலியெழுப்பி, எதிரொலியைக் கொண்டே மீனைத் தேடிக் கொள்கிறது. வரையாட்டுக்கோ கூரிய கண்ணே காவல். 1,200 முதல் 2,600 மீட்டர் வரை உயர்ந்த புல்வெளிகளில் அது மேய்கிறது. சங்கப் புலவர் அதனை வருடை என்றனர். இன்று அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஓங்கிலோ 2009-இல் நாட்டின் நீர்வாழ் விலங்கெனத் தெரிவு செய்யப்பெற்றது.

இத்துணை வேறுபாடு இருப்பினும் இவை உறவினர் என்றால் வியப்பன்றோ? இரண்டும் பாலூட்டிகள் என்பதோடு உறவு முடியவில்லை. முன்னாளில் திமிங்கிலக் குலத்தைத் தனி வரிசையாகவும், ஆடுமாடுகளை இரட்டைக் குளம்பி வரிசையாகவும் வைத்தனர். பண்டைத் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் இரட்டைக் குளம்பிகளுடையவற்றை ஒத்திருத்தல் 2001-இல் வெளியாயிற்று. மரபணு ஆய்வும் அதனையே கூற, இன்று இரு குலமும் ஒரே வரிசையில் அடங்கும்.

இடர்ப்பாட்டிலும் இவை ஒன்றே. உலகச் செம்பட்டியலில் இரண்டும் அழியும் நிலையிலுள்ளவை. 2025-இல் வெளியான கணக்கின்படி நம் நாட்டு ஆறுகளில் ஓங்கில்கள் ஏறத்தாழ 6,300. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கண்ட வரையாடுகள் 2,668.

காரணம் யாது? மீன்வலையில் சிக்கி மூச்சு முட்டி மாளும் ஓங்கில்கள் பல. வேட்டையால் குறைந்த வரையாடுகளும் பல. இவற்றினும் ஆழமான கேடு, வாழிடம் துண்டுபடுதலே. 1975-இல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணை கங்கை ஓங்கில்களை மேலும் கீழுமாகப் பிரித்தது. தேயிலைத் தோட்டமும், சீகை, தைல மரக் காடுகளும் மலைப் புல்வெளிகளைக் கூறுபடுத்தின. சிறு கூட்டமாய்ப் பிரிந்தவை தம்முள்ளேயே கலந்து வலிவு குன்றும். ஒரு நோயோ வறட்சியோ வந்தால் அடியோடு ஒழியும்.

வேட்டையைச் சட்டம் தடுக்கலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டிற்கும் உயர்ந்த காப்பளிக்கிறது. ஆயின் ஆறு தடையின்றி ஓடினாலன்றி ஓங்கில் பெருகாது. அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீட்டாலன்றி வரையாடு பரவாது. விலங்கைக் காத்தலென்பது அதன் வாழிடத்தை முழுமையாகக் காத்தலேயாம்.