கூளையன் எங்கள் ஊரிலும் இருக்கிறான்

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்ற சிறுவனின் கதை. அடியும் ஏச்சும் அவனுக்கு அன்றாடம். தழும்பு ஆறினாலும் பயம் ஆறாது என்பதை வாசிக்கும்போதே உணர்கிறோம்.

அது கொங்குநாட்டுக் கதை என்று கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கும் நாம் விட்டுவிட முடியாது. வாய் திறக்காமல் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்பது இலேசு. அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்பதுதான் கஷ்டம். நல்ல கதை அந்தக் கேள்வியைப் பழக்குகிறது.

பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்குள் நடப்பதையோ குடும்ப மானம் மூடிவிடுகிறது. அந்த மௌனம் காப்பாற்றுவது பிள்ளையை அல்ல, அநியாயம் செய்தவரை.

பிள்ளை சொன்னால் முதலில் நம்புவோம். பிறகு 1929க்கு அழைப்போம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது.