இரவு ஒன்பது மணிக்கு இணையம் யாருக்கு?

காலையில் பாயும் இணையம் இரவு எட்டு மணிக்கு மேல் தவழத் தொடங்குகிறது. பிள்ளையின் இணைய டியூஷன் நின்று நின்று ஓடுகிறது. அலுவலகக் கூட்டத்தில் நம் குரல் பாதியில் அறுகிறது. மாதம் தவறாமல் கட்டணம் கட்டியும் ஏன் இப்படி?

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன ஒப்பீடு போதும். மாடித் தொட்டி ஒன்று, குழாய்கள் பல. எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் நீரின் வேகம் குறையும். வீட்டு இணையமும் பொதுத் தொட்டிதான்.

டிஎம் நிறுவனம் 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது 5, 10, 20 எம்பிபிஎஸ் திட்டங்களே இருந்தன. இன்று 100, 300 என்பது சாதாரணம். உலகில் பரவலாக உள்ள ஜிபோன் வகைக் கண்ணாடி இழையில், வீடுகளை நோக்கி வரும் மொத்த வேகம் ஏறக்குறைய 2,500 எம்பிபிஎஸ். அதை 32 வீடுகள் பகிர்ந்தால் வீட்டுக்கு 78 தான். அந்த 32 வீடுகளும் 300 எம்பிபிஎஸ் வாங்கியிருந்தால், விற்றது 9,600. இருப்பதைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இதை உடனே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தெளிவான திரைப்படம் ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்பதில்லை. இப்படிப் பகிர்வதால்தான் நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. இருப்பதைவிட மிக அதிகமாக விற்றுவிட்டு, நெரிசலை நம் தலையில் கட்டும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

நெரிசல் வந்தால் யாருக்கு எவ்வளவு? அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் இதில் நமக்கொரு பாடம். பிட்டோரென்ட் வழியே கோப்புகளைப் பகிர்ந்தவர்களின் இணைப்பை அது ஓசையின்றித் துண்டித்தது 2007-இல் அம்பலமானது. மறு ஆண்டு, அதை நிறுத்தும்படி அந்நாட்டுத் தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. அதன்பின் நிறுவனம் முறையை மாற்றியது. வட்டாரத்தில் நெரிசல் நெருங்கும்போது மட்டும், தன் திட்ட வேகத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் 15 நிமிடம் தொடர்ந்து பயன்படுத்தியவர் வரிசையில் சற்றுப் பின்னால் நின்றார். பயன்பாடு குறைந்ததும் பழைய இடம் கிடைத்தது. அவர் பார்த்தது படமா, பாடமா என்று யாரும் துருவவில்லை.

அதே 2008-இல் அந்நிறுவனம் மாதத்துக்கு 250 ஜிபி என்ற உச்சவரம்பையும் வைத்தது. இரண்டில் எது நியாயம்? அதிகாலை மூன்று மணிக்குக் கோப்பு இறக்குபவரால் அண்டை வீட்டாருக்குத் தொல்லையில்லை. ஆனால் மாதக் கணக்கில் அவரே குற்றவாளி. கணக்குப் பார்க்க வேண்டியது மொத்தப் பயன்பாட்டை அல்ல, நெரிசல் நேரத்துப் பயன்பாட்டை.

நாம் செய்யக்கூடியது என்ன? முதலில் குறை எங்கே என்று பாருங்கள். வைஃபையை விட்டுவிட்டு, மோடத்தில் கேபிள் மாட்டி, காலை ஏழுக்கும் இரவு ஒன்பதுக்கும் ஒரு வாரம் வேகத்தைச் சோதித்துக் குறித்து வையுங்கள். இரு வேளையும் கேபிளில் நன்றாக இருந்தால் கோளாறு வீட்டு வைஃபையில். இரவில் மட்டும் சரிந்தால் நெரிசல் வெளியே. அந்தக் குறிப்போடு நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் போகலாம்.

புதிய திட்டத்தில் கையெழுத்திடுமுன் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரவு நேரத்தில் வழக்கமாக என்ன வேகம் கிடைக்கும்? பதிவேற்ற வேகம் எவ்வளவு? 'நியாயப் பயன்பாடு' என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எந்த அளவைத் தாண்டினால் வேகம் குறையும், எப்போது திரும்பும்?

விளம்பரத்தில் 'வரை' என்ற சொல் சிறிய எழுத்தில்தான் இருக்கும். 300 எம்பிபிஎஸ் 'வரை' என்றால் உச்சம் மட்டுமே தெரிகிறது. இரவு ஒன்பது மணிக்கு எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பாடம் படிக்கும் பிள்ளைக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் அந்த எண்தான் முக்கியம்.