கடல் பார்த்த ரூம்... காட்டியா போட்ட மீன்!

செமஸ்டர் ஃபீஸ் கட்டவே வீட்டுல நாலு பேர்கிட்ட கை நீட்டுறாங்க, இதுல ஃபைவ் ஸ்டார் ஓட்டல் கதை நமக்கெதுக்குன்னு கேக்குறீங்களா? விசாரிக்கக் காசா, பணமா? இந்த வார ரவுண்டு, ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா. தங்கப்போற இடம் 'ஓட்டல் ஆர்ட்ஸ்'. வாங்க, லிஃப்ட் ஏறலாம்!

மெட்ரோவுல மஞ்சள் லைன் பிடிச்சு, 'சியுதாதெல்லா - விலா ஒலிம்பிகா' ஸ்டேஷன்ல இறங்கிக் கடல் பக்கமா நடந்தா, ரெண்டு டவர் ஜோடியா நிக்கும். ரெண்டும் 154 மீட்டர் உயரம். ஒண்ணு ஆபீஸ் கட்டடம். இன்னொண்ணுதான் நம்ம ஆளு, மொத்தம் 44 மாடி. 1992 ஒலிம்பிக்ஸ் சமயத்துல எழும்பின ஏரியா இது.

சிவில் பசங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. வழக்கமா கட்டடத்துக்கு எலும்பு உள்ளே, தோல் வெளியே. இங்கே தலைகீழ்! வெள்ளை ஸ்டீல் ஃப்ரேம், எக்ஸ் எக்ஸா பிரேஸிங்னு மொத்த எலும்புக்கூடும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிக்குது. கடல்காத்து பக்கவாட்டுல தள்ளும்போது டவரை அசையாம பிடிச்சுக்கிறது அந்த எக்ஸ்தான். டிசைன் பண்ணவர் புரூஸ் கிரஹாம். சிகாகோவோட சியர்ஸ் டவரும் அவர் கைவண்ணம்தான்.

அடுத்து மெக்கானிக்கல் மக்களே, இது உங்களுக்கு. டவர் காலடியில ஒரு ராட்சச மீன் மின்னிக்கிட்டிருக்கும். ஐம்பது மீட்டருக்கு மேல நீளம். ஃபிராங்க் கெரியோட டிசைன். அந்த வளைவு நெளிவையெல்லாம் பேப்பர்ல வரைஞ்சு வேலைக்கு ஆகலை. அதனால விமானம் டிசைன் பண்றதுக்காக பிரான்ஸ்ல டசால்ட் கம்பெனி உருவாக்கின சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தாங்க. அதுதான் நம்ம ஊரு கோச்சிங் சென்டர் போர்டுல தொங்குதே, அந்த 'காட்டியா'! இந்த மீன்ல தேறினதாலதான், 1997-ல திறந்த பில்பாவ் குகன்ஹைம் மியூசியம் வரைக்கும் கெரி அதே ரூட்ல போனார்.

சரி, ரூமுக்கு வருவோம். திரையை விலக்கினா மத்தியத் தரைக்கடல். ஊர்ப்பக்க ரூம்னா, 1882-ல அடிக்கல் போட்ட சக்ராதா ஃபமீலியா சர்ச் கோபுரங்கள். ஊரு ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் சாப்பாட்டுக்கே உட்காரும். நீங்க கொடுக்கிற காசுல பெரிய பங்கு இந்த ஜன்னலுக்குத்தான் பாஸ்!

ஆனா அந்த ஜன்னலுக்குக் கீழே என்ன இருந்துச்சு தெரியுமா? எதிர்ல இருக்கிற பீச்சுக்குப் பேரு சொமொரோஸ்ட்ரோ. 1966 வரைக்கும் அங்கே குடிசைங்க. ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்க அலைக்குப் பக்கத்துலயே குடும்பம் நடத்தினாங்க. ஃப்ளமெங்கோ ஆட்டத்துல உலகத்தையே கலக்கின கார்மென் அமாயா அங்கே பிறந்த பொண்ணுதான். 1966-ல கடற்படைப் பயிற்சியைப் பார்க்க சர்வாதிகாரி ஃபிராங்கோ வர்றார்னு சொன்னாங்க. அவ்வளவுதான், மிச்சமிருந்த குடிசைகளையும் இடிச்சு ஜனங்களை அப்புறப்படுத்திட்டாங்க. அப்புறம் ஒலிம்பிக்ஸ் வந்துச்சு. கடலை மறைச்சுக்கிட்டிருந்த ரயில் பாதையும் பழைய ஃபேக்டரிகளும் போய், மணல் பரப்பின பீச் வந்துச்சு.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஸ்பெயின்ல 1988-ல வந்த கடற்கரைச் சட்டப்படி பீச் பொதுச் சொத்து. எத்தனை நட்சத்திர ஓட்டலா இருந்தாலும், 'இது எங்க மணல்'னு வேலி போட முடியாது. ரூம்ல இருந்து பார்த்தா பில். மணல்ல உட்கார்ந்து பார்த்தா ஃப்ரீ. கடல் அதே கடல்தான்!

ஆனா ஊர்க்காரங்களுக்கு இப்போ வேற தலைவலி. பத்து வருஷத்துல வாடகை 68 சதவீதம் ஏறிடுச்சுன்னு 2024-ல மேயர் ஜாவ்மே கொல்போனியே சொன்னார். அந்த ஜூலையில 'டூரிஸ்ட்டே, வீட்டுக்குப் போ'ன்னு ஊர்வலம் போனவங்க, ரோட்டோர ஓட்டல்ல சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க மேல பொம்மைத் துப்பாக்கியால தண்ணி அடிச்சாங்க. உலகம் பூரா நியூஸ் ஆச்சு. புது ஓட்டல் கட்ட 2017-லயே கட்டுப்பாடு போட்டாச்சு. டூரிஸ்ட்டுக்கு விடுற 10,101 ஃபிளாட்டோட லைசென்ஸையும் 2028 நவம்பருக்குள்ள முடிவுக்குக் கொண்டுவரப் போறதா மாநகராட்சி அறிவிச்சிருக்கு.

இங்கேதான் நாம யோசிக்கணும். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போனா, நாம ஃபைவ் ஸ்டார் பக்கம் தலை வைக்க மாட்டோம். நெட்ல சீப்பா ஒரு ஃபிளாட் புக் பண்ணி, 'செலவை மிச்சம் பிடிச்சோம்'னு காலரைத் தூக்கிவிட்டுக்குவோம். ஆனா ஓட்டல் ரூம் ஓட்டலுக்குன்னே கட்டினது. அந்த ஃபிளாட், ஒரு குடும்பம் வாடகைக்குக் குடியிருக்க வேண்டிய வீடு. பணக்கார டூரிஸ்ட் பகட்டா தெரியுறார். பட்ஜெட் டூரிஸ்ட்டான நாம, சத்தமே இல்லாம ஒரு வீட்டைக் காலி பண்ண வெச்சிடுறோம். விலையை மட்டும் பார்த்தா இந்தக் கணக்கு பில்லுல தெரியாது.

அதுக்காக ஊர் சுத்தாம இருக்கணுமா? தாராளமா சுத்துங்க. மாணவர்களுக்குன்னே ஹாஸ்டல்கள் இருக்கு, படுக்கைக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. ஃபிளாட்தான் வேணும்னா, லைசென்ஸ் நம்பர் போட்டிருக்காங்களான்னு பாருங்க. பார்சிலோனா மட்டுமில்ல, எந்த ஊருக்குப் போனாலும் சரி... புக் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க.

இந்த ரூம்ல இதுக்கு முன்னாடி யார் குடியிருந்தாங்க?