புட்டியிலிருந்து சிந்திய மணல்



பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு அமர்ந்து பழைய உளவுப் படங்கள் சிலவற்றை வீட்டிலேயே பார்த்தேன். அவற்றைப் பற்றி இத்திங்கள் எழுதுமாறு சங்கத்து நண்பர்கள் பணித்தனர். எழுத உட்கார்ந்தபோது, படக்கதைகளைக் காட்டிலும் என் மகள் கேட்ட கேள்வி ஒன்றே முன்னே வந்து நிற்கிறது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கி 1946-இல் வெளிவந்த 'நொட்டோரியஸ்'. கதை நிகழ்வது ரியோ டி ஜெனிரோ நகரத்து மாளிகை ஒன்றில். உளவறியும் பொருட்டே அம்மாளிகைக்கு உரியவனை மணந்துகொண்ட கதாநாயகி, கணவனுடைய சாவிக்கொத்திலிருந்து நிலவறைச் சாவியைக் கழற்றி அமெரிக்க உளவாளியிடம் சேர்ப்பிக்கிறாள். மேலே விருந்து நடக்கிறது. கீழே இருவரும் தேடுகின்றனர். கை தவறி ஒரு மதுப்புட்டி விழுந்து உடைகிறது. அதிலிருந்து மது சிந்தவில்லை, மணல் சிந்துகிறது. ஆராய்ந்து பார்த்தால் அது யுரேனியம் கலந்த மண்! ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அன்று திரையரங்கில் அமர்ந்திருந்தோர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

அடுத்து, நம்மவர் எல்லோரும் அறிந்த 'உலகம் சுற்றும் வாலிபன்', 1973-ஆம் ஆண்டுப் படம். அதில் விஞ்ஞானியாக வரும் எம்.ஜி.ஆர். மின்னலின் ஆற்றலைப் பிடித்து அடைத்து வைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அது அழிவுக்குப் பயன்பட்டுவிடக் கூடாதே என்று அவர் அஞ்சுகிறார். அதைப் பெற்று விற்றுவிட வேறொருவன் துடிக்கிறான்.

மூன்றாவது, ஜேம்ஸ்பாண்ட் வரிசையில் 1983-இல் வந்த 'ஆக்டோபசி'. கிழக்கு ஜெர்மனியிலிருந்து புறப்படும் சர்க்கஸ் ரயிலில் அணுகுண்டு ஒன்றை மறைத்து, மேற்கு ஜெர்மனியிலுள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வெடிக்கச் செய்ய ரஷ்யத் தளபதி ஒருவன் திட்டமிடுகிறான். இதன் பெரும்பகுதி உதயப்பூரில் நிகழ்வதாகக் கதை. சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், பாண்டுக்குத் துணைவராக ஆட்டோ ரிக்க்ஷா ஓட்டி வருகிறார். நம்மவர் ஒருவர் தோன்றினாரே என்று பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஆனால் கதையின் நடுவிலேயே அவர் கொலையுண்டு போகிறார். அதன்பின் பெரும்பாலும் அமெரிக்கரும் ரஷ்யரும் ஆங்கிலேயருமே மிஞ்சுகின்றனர்.

அப்போதுதான் என் மகள் கேட்டாள்: "அப்பா, இதில் நாம் எந்தப் பக்கம்?"

சட்டென்று விடை சொல்ல இயலவில்லை. மறுநாள் அவளை ஏலூர்ப் பக்கம் அழைத்துச் சென்றேன்.

களமசேரியில் வாழும் நமக்கு ஏலூர் வெகு தொலைவன்று. உத்தியோகமண்டலத்தில் உரத் தொழிற்சாலைக்கு அண்மையில், இந்தியன் ரேர் எர்த்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் ஆலை இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1950-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் இவ்வாலையை 1952 டிசம்பரில் பண்டித நேரு திறந்து வைத்தார். அங்கே பிரித்தெடுக்க வந்த பொருள் மோனசைட் என்னும் மணல். அம்மணலில் தோரியம் உண்டு. தோரியம் தானாக வெடிப்பதன்று. ஆயினும் அதை அணு உலையிலிட்டு ஒருவகை யுரேனியமாக மாற்றலாம். ஆகவேதான் வல்லரசுகள் அதன் மேல் கண் வைத்தன.

இம்மணல் எங்கிருந்து வந்தது? கொல்லம் பக்கத்துச் சவறாவிலிருந்தும், நம் குமரிக் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சியிலிருந்தும் வந்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், இங்கிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டு, மணவாளக்குறிச்சியிலேயே ஆலை வைத்தார். அன்று அதற்கு வேண்டுதல் இருந்தது குண்டுக்காக அன்று, விளக்குக்காக. நம் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் அவ்வளவு வெண்மையாக ஒளிவிட்டது தோரியத்தால்தான்.

அணுகுண்டு வந்தபின் மணலின் மதிப்பே மாறிவிட்டது. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் அறிவித்த நாளில், அச்சமஸ்தானத்தின் கையிலிருந்த பெரும் பொருள்களில் ஒன்று இக்கடற்கரை மணல். மணவாளக்குறிச்சி அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

மகளுக்கு நான் சொல்ல விரும்பிய செய்தி 1953-இல் நிகழ்ந்தது. கொரியப் போர் ஓய்ந்த வேளை. இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஒரு டன் தோரியம் நைட்ரேட் ஏற்றிய போலந்துக் கப்பலொன்று சீனத்தை நோக்கிச் செல்வதாக அமெரிக்காவுக்குத் தெரிய வந்தது. பொதுவுடைமை நாடுகளுக்குப் போருக்குதவும் பொருளை அனுப்பும் எந்த நாட்டுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்பது 1951-இல் அவர்கள் இயற்றிய சட்டம். கப்பலைத் திருப்புக, இன்றேல் உதவி நிற்கும் என்ற நெருக்கடி எழுந்தது. அன்று நம் நாட்டுக்கு அவ்வுதவி சிறிய காரியமன்று. எனினும், எந்நாட்டோடு வாணிகம் செய்வது என்பதற்குப் பிறர் நிபந்தனை விதிப்பதை ஏற்க இயலாது என்று நேருவின் அரசு உறுதியாக நின்றது. பேச்சு நீண்டது, முடிவில் உதவி நிற்கவில்லை, உறவும் முறியவில்லை. இதில் துப்பாக்கி வெடிக்கவில்லை. வேஷம் போட்ட உளவாளியும் இல்லை. ஆகையால் இதை எவரும் படமாக்கவில்லை போலும்!

உலகில் இரண்டே பக்கங்கள் உண்டு, ஒன்றில் சேர்ந்தே ஆகவேண்டும் என்பது இப்படங்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம். பிழைப்பு நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. ஆற்று நீரைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் பிணக்கு நேரும் போதெல்லாம், "நீ எந்தப் பக்கம்?" என்று நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்கப்படுகின்றனர். பக்கம் சேராமல் நிற்பது கோழைத்தனம் அன்று, அதற்கும் நெஞ்சுரம் வேண்டும் என்று அவர்கள் அறிவது நன்று.

இன்னொன்றும் உண்டு. 'நொட்டோரியஸ்' படத்தில் மணலைப் புட்டியில் ஒளித்தவன் யார், எடுத்தவன் யார் என்பதெல்லாம் வருகிறது. அதைத் தோண்டியவன் யார் என்பது வரவில்லை. ரயில்வேயில் சரக்குக்கு நாங்கள் எழுதும் ரசீதும் அப்படித்தான். அனுப்புவோர், பெறுவோர், சரக்கு, எடை, கட்டணம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. மூட்டை சுமந்தவர் பெயருக்கு இடமில்லை. மணவாளக்குறிச்சிக் கரையில், மற்ற ஊர்களைவிடக் கதிரியக்கம் இயல்பாகவே மிகுந்த மண்ணில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து அம்மணலை வாரிக் கொடுத்தவர்கள் நம்மவர். அம்மணலும் நம்மைப் போலவே தெற்கிலிருந்து புறப்பட்டு இந்தப் பெரியாற்றங்கரைக்கு வேலைக்கு வந்ததுதான்!

"நாம் மணலை வாரியவர் பக்கம்" என்று மகளிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் படத்தில் ஏன் அவர்கள் இல்லை?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

குமரி மாவட்டத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். மணல் ஆலையில் உழைத்த தந்தையர், பாட்டனார் சொல்லிய செய்திகள் இருப்பின் எழுதி அனுப்புங்கள். அடுத்த திங்கள் இப்பக்கத்தைப் படங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அவர்களுக்கே ஒதுக்குவோம்.