நார்மல் லாஸ் என்று ஒரு கெட்ட வார்த்தை

பி.காம் படிக்கும் சகல ஜீவராசிகளுக்கும் பழக்கமான கணக்கு இது. புராசஸ் ஏ-யில் 1000 யூனிட் போட்டோம், நார்மல் லாஸ் 10 சதவீதம், லெட்ஜர் போடுக. நாமும் 100 யூனிட்டைக் கழித்து, ஸ்கிராப் விற்ற காசை வரவு வைத்து, மிச்சச் செலவையெல்லாம் நல்ல யூனிட் தலையில் கட்டிவிட்டு பத்து மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த 10 எங்கிருந்து வந்தது, யார் முடிவு செய்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான். போன மாதம் வரைக்கும்.

சித்தப்பா பாவூர்சத்திரத்தில் சின்னதாக ஜவுளிக்கடை போடுகிறார். ராக்குக்கு 40 தட்டு வேண்டும். ஒவ்வொன்றும் 560 மில்லிக்கு 450. வெள்ளை லேமினேட் ஒட்டிய 18 மில்லி போர்டு. ஆசாரி கையில் கொடுக்காமல், துல்லியமாக இருக்கட்டும் என்று சிஎன்சி ரவுட்டர் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தோம். (பேர் வேண்டாம், ஊர்ப் பொல்லாப்பு.) பில்லில் 5 ஷீட்.

"நாலுல முடியாதா அண்ணாச்சி?"

"சாப்ட்வேர் போட்டதுல்லா தம்பி. அதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்?"

இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. பரீட்சைத் தாளில் இருக்கும் அந்த 10 சதவீதமும் அண்ணாச்சியின் இந்தப் பதிலும் ஒரே ஜாதி. இரண்டுமே, மனுஷன் எடுத்த முடிவை விதி மாதிரி காட்டுகின்றன.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எட்டுக்கு நாலு ஷீட் என்றால் 2440-க்கு 1220 மில்லி. ரவுட்டர் பிட்டின் விட்டம் 6 மில்லி, ஆகவே இரண்டு துண்டுக்கு நடுவே 6 மில்லி தூளாகப் போகும். பட்டறைத் திரையில் நான் பார்த்த படத்தில் 560 பக்கம் ஷீட்டின் நீளவாக்கில் கிடந்தது. நீளத்தில் 4, அகலத்தில் 2, மொத்தம் 8 தட்டு. அதையே திருப்பிப் போட்டால்? 450 நீளவாக்கில் 5 (2250 + 24 = 2274, தாராளம்), 560 அகலவாக்கில் 2 (1126, அதுவும் தாராளம்). மொத்தம் 10. எட்டு எட்டாக வெட்டினால் 40 தட்டுக்கு 5 ஷீட், பத்து பத்தாக வெட்டினால் 4. முதல் வகையில் ஷீட்டில் 68 சதவீதம்தான் தட்டாகிறது. இரண்டாவதில் 85.

சாப்ட்வேருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். துண்டைத் திருப்பலாமா என்று ஒரு செட்டிங் இருக்கிறது. மரரேகை உள்ள ஷீட் என்றால் திருப்பக் கூடாது, கதவில் ரேகை ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் ஓடினால் பார்க்கச் சகிக்காது. அதற்காகப் பூட்டி வைப்பார்கள். வெள்ளை போர்டில் என்ன ரேகை? முந்தின வேலைக்குப் போட்ட பூட்டு, கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு டிக் மார்க், ஒரு ஷீட்.

டூல்பாத்திலும் இதே அசட்டைதான். துண்டுக்குள்ளே வரும் துளைகளை முதலில் போட வேண்டும். சின்னத் துண்டுகளை, ஷீட் இன்னும் முழுசாக மேசையோடு கெட்டியாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். கடைசியில் வெட்டினால் வேக்குவம் பிடி விட்டு நகர்ந்து தட்டு பாழ். அந்தப் பாழும் நார்மல் லாஸ் கணக்கில்தான் போய்ச் சேரும், வேறெங்கே?

இதெல்லாம் பட்டறைச் சமாசாரம், காமர்ஸ்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 1930-களின் கடைசியில் லெனின்கிராடில் ஒரு பிளைவுட் நிறுவனம், எந்த மரத்தை எந்த மெஷினில் போட்டால் லாபம் என்று கான்டரோவிச் என்ற கணித ஆசிரியரிடம் கேட்டது. அதற்கு வழி தேடி அவர் 1939-ல் வெளியிட்ட சின்னப் புத்தகத்தில், பொருளை வீணாக்காமல் வெட்டுவதும் ஒரு கணக்கு. 1975-ல் நோபல் பரிசு வாங்கினார். கணிதத்துக்கு இல்லை சாமி, பொருளாதாரத்துக்கு! பின்னாளில் ஒரு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அவர் முறைப்படி தகடு வெட்டினார்களாம். கழிவு குறைந்தது. ஆனால் கழிவிரும்பு இவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற அரசாங்க டார்கெட் தவறிப்போய் தொழிற்சாலைக்குத்தான் திட்டு விழுந்ததாம் :-) நார்மல் லாஸை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு துண்டு வெட்ட வருகிறவனுக்காக அரை மணி நேரம் படம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எல்லா வடிவத்துக்கும் ஆகச் சிறந்த அடுக்கு எது என்று கம்ப்யூட்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது, அவ்வளவு சிக்கலான கணக்கு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் கேஸ் 40 ஒரே மாதிரி செவ்வகம் ஐயா! டீப்நெஸ்ட் மாதிரி இலவச மென்பொருளே இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அந்தப் படத்தை வாடிக்கையாளரிடம் காட்ட என்ன செலவு? பில்லோடு ஒரு பேப்பர் சேர்த்துக் கொடுத்தால் போதும். 15 சதவீதம் நார்மல், அதற்கு மேல் போனது அப்நார்மல், அதைப் பட்டறையே தன் லாப நட்டக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். பாடத்தில் அப்படித்தானே இருக்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. எட்டு எட்டாக வெட்டியதில் ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு அடி அகலத்துக்கு, எட்டடி நீளப் பட்டை ஒன்று மிஞ்சும். அஞ்சு ஷீட்டுக்கு அஞ்சு பட்டை, 40 சதுர அடி. ஒரு முழு ஷீட்டே 32 சதுர அடிதான். அதையாவது கொடுங்கள் என்று மறுநாள் போய்க் கேட்டேன்.

"அதுவா தம்பி? வேஸ்ட்டுல்லா, நேத்தே போயிட்டே" என்றார் அண்ணாச்சி. பின்னால் மேசையில் யாருக்கோ டிராயர் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை போர்டு, 18 மில்லி.