பத்து நாள் அண்ணன், பத்து நாள் அக்கா

திண்டுக்கல்காரன் பதிவு போட்டா பூட்டு, பிரியாணி, சிறுமலை வாழைப்பழம்னுதான் எதிர்பார்ப்பீங்க. இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம் :-)

அமெரிக்காவில் இருக்கும் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன வாரம் கூப்பிட்டான். அவங்க சர்ச் இளைஞர் குழுவில் இருந்து 14 பேர், எல்லாம் ஹைஸ்கூல், காலேஜ் பசங்க, ஜூலையில் திண்டுக்கல் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு பத்து நாள் மிஷன் ட்ரிப் வர்றாங்களாம். சுவருக்குப் பெயிண்ட், பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு, கடைசி நாள் கொடைக்கானல். "வேன் புக் பண்ணணும், கூட இருந்து தமிழ்ல எடுத்துச் சொல்லணும், வர்றியாடா?"ன்னான். வேன் பார்த்துத் தர்றேன், ஆனா இந்த ட்ரிப்பே வேணாம்னு தோணுதுடான்னேன். அரை மணி நேரம் சண்டை. போன்ல கோர்வையா சொல்ல வராததை இங்க எழுதறேன்.

இது மதமாற்றம் பற்றிய பதிவு இல்லை. அந்தச் சண்டையைப் போட நிறைய பேர் இருக்காங்க. வர்ற பசங்க மனசு நல்ல மனசுதான், அதிலயும் எனக்குச் சந்தேகம் இல்லை.

என்கூட ஆறாவதுல இருந்து படிச்ச ஒருத்தன் இப்படி ஒரு இல்லத்துல இருந்தான் (எதுன்னு கேக்காதீங்க). அப்பா இல்லை. அம்மா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி தரம் பிரிக்கிற வேலை. ஆனா வெளிநாட்டுக் குழு வர்ற அன்னிக்கு மட்டும் அவன் அநாதை, அப்படித்தான் அறிமுகப்படுத்துவாங்களாம். குரல் நல்லா இருக்கும், அதனால எப்பவும் முன் வரிசை. பத்து நாள் அண்ணன், அக்கானு தோள்ல தொங்குவான். கிளம்புற அன்னிக்கு எல்லாரும் அழுவாங்க. ரஃப் நோட்டு கடைசிப் பக்கத்துல அவங்க பேர், அட்ரஸ் எல்லாம் எழுதி வச்சிருந்தான். அதுல ரெண்டு பேருக்கு, பரீட்சைக்கு எழுதற மாதிரி அழகா, இங்கிலீஷ்ல லெட்டர் போட்டான். பதில் வரலை. அடுத்த வருஷம் வேற குழு, வேற அண்ணன். எட்டாவதுக்கு அப்புறம் அவன் யார் பேரையும் கேட்டு வச்சுக்கிறதை விட்டுட்டான். அவனைப் பத்தி எனக்கு ரொம்ப உறுத்தறது அதுதான்.

இது ஏதோ ஒருத்தனோட கதைன்னு நினைக்க வேணாம். அம்மாவையோ, அம்மா ஸ்தானத்துல நிலையா ஒருத்தரையோ இழக்கற குழந்தைக்கு என்ன ஆகும்னு ஜான் பௌல்பி 1951லயே உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிட்டார். கம்போடியாவில் 2005ல் இருந்து 2010க்குள் குழந்தைகள் இல்லங்கள் 75 சதவீதம் கூடிப்போச்சு. அங்க இருந்த பிள்ளைகள்ல முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்கன்னு 2011ல் யுனிசெஃப் ஆய்வு சொல்லிச்சு. பார்க்க ஆள் வர வர, காட்டப் பிள்ளைகள் வேண்டியிருக்கு. அப்பட்டமா சொன்னா சப்ளை, டிமாண்ட். 2019 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபையே இந்த 'அநாதை இல்லச் சுற்றுலா'வின் கெடுதல் பத்தித் தீர்மானம் போட்டாச்சு.

சரி, காசுக் கணக்கு பார்ப்போம் (இஞ்சினியர் புத்தி, விடமாட்டேன்). ஒரு ஆளுக்கு விமான டிக்கெட் ஒரு லட்சம்னு குறைச்சே வைங்க. பிள்ளை இல்லத்துக்குப் போகாம சொந்தக் குடும்பத்துலயே வளர, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்துல கொடுக்கிற தொகை மாசம் 4,000 ரூபாய். வருஷத்துக்கு 48,000. அதாவது ஒரே ஒரு டிக்கெட்ல ரெண்டு பிள்ளைங்க ஒரு வருஷம் அவங்க அம்மாகிட்டயே இருக்கலாம். 14 டிக்கெட்டுக்கு 29 பேரும் பாக்கிச் சில்லறையும். என் கிளாஸ்மேட்டோட அம்மாவுக்கு அது கிடைச்சிருந்தா அவன் ஒட்டன்சத்திரத்துலயே படிச்சிருப்பான். பெயிண்ட் அடிக்க நம்ம ஊர்ல ஆள் இல்லையா என்ன?

"அப்போ வெளிநாட்டுக்காரன் யாரும் சேவை பண்ண வரக்கூடாதாடா?"னு நண்பன் கேட்டான். வரலாமே. வத்தலக்குண்டு தாண்டி பெரியகுளம் போற வழியில் ஜி.கல்லுப்பட்டி இருக்கு. அங்கே இருந்தவர் பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன். வேல்ஸில் பிறந்தவர், தெ லசால் சபைத் துறவி. 1952ல் இலங்கைக்கு வந்து, 1964ல் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்ததும் மதுரைப் பக்கம் வந்து, அப்புறம் கல்லுப்பட்டியில் 'ரீச்சிங் தி அன்ரீச்ட்' ஆரம்பிச்சார். அவர் பண்ணின நல்ல காரியம், பெரிய ஹால்ல பிள்ளைகளை வரிசையாப் படுக்க வைக்கலை. சின்னச் சின்ன வீடு, ஒவ்வொரு வீட்டுலயும் சில பிள்ளைங்க, கூடவே ஒரு வளர்ப்புத் தாய். பலர் விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள். அந்தப் பெண்ணுக்கும் வீடு, பிள்ளைக்கும் அம்மா. 2017 அக்டோபர்ல இறக்கற வரைக்கும் அவர் வாழ்க்கை அந்த வேலைதான். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் கதையும் அதேதான். 1895ல் இந்தியா வந்தவர், 1951ல் சாகும்வரை ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பலை. அவங்களைப் பிள்ளைங்க 'அம்மா'ன்னு கூப்பிட்டதுல நியாயம் இருக்கு.

நண்பன் சொன்னதுல ஒண்ணு மட்டும் என்னை யோசிக்க வச்சுது. நேர்ல பார்த்தவங்கதான் அப்புறம் வருஷக்கணக்கா பணம் அனுப்புறாங்களாம், பார்க்காம எவனும் தரமாட்டானாம். உண்மையா இருக்கலாம். அப்படின்னா பெரியவங்க ரெண்டு பேர் வந்து கணக்கைப் பார்க்கட்டும், பதிவுச் சான்றிதழைப் பார்க்கட்டும். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த சுரண்டல் பற்றி 2007ல் போன ஒரு கடிதத்தை மனுவா எடுத்துத்தான், எல்லா இல்லமும் பதிவு செஞ்சாகணும்னு 2017 மே மாசம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. சும்மா சொல்லலை. போட்டோ விஷயமும் இருக்கு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 படி இந்தப் பிள்ளைகளை அடையாளம் தெரியற மாதிரி வெளியிட்டா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டு லட்சம் வரை அபராதம். கட்டிப்பிடிச்சு செல்ஃபி போடுறவங்களுக்கு இதை யார் சொல்றது?

இதுல வெள்ளைக்காரனை மட்டும் திட்டிட்டு நாம தப்பிக்க முடியாது. பொறந்தநாளுக்கு இல்லத்துல போய் கேக் வெட்டுறது, ஐடி கம்பெனி 'சேவை நாள்' டீஷர்ட்டோட ஞாயித்துக்கிழமை போய் நிக்கறது, எல்லாம் இதே கேஸ்தான். அது பத்து நாள், இது ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

நண்பன் இன்னும் முடிவு சொல்லலை. மதுரை, திண்டுக்கல் பக்கம் இந்த மாதிரி குழுக்களுக்கு மொழிபெயர்க்கப் போன பதிவர்கள் யாராவது இருந்தா, இல்ல இல்லத்துலயே வளர்ந்தவங்க இருந்தா, உங்க அனுபவத்தை எழுதுங்க. அவனுக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன். நான் சொன்னா 'உனக்கு எப்பவும் குதர்க்கம்டா'ங்கறான்.