மலை இறங்கப் பிரேக் மட்டும் போதுமா?

ஆம்பூர்த் தோலுக்கும் கார் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனி நாட்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள் தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டார். கணவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை! சுமார் 100 கிலோ மீட்டர் தூரம். அந்த வண்டிக்கு மரக்கட்டைதான் பிரேக். இறக்கத்தில் உரசி உரசிக் கட்டை தேய்ந்துவிட்டது. அம்மாள் அசரவில்லை. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்து, கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு அந்தத் தோல்தான் முன்னோடி.

மேட்டில் வண்டி திணறியது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். ஆகவே, இன்னொரு தாழ்ந்த கியர் வேண்டும் என்றும் அம்மாள் கணவரிடம் கேட்டார். அதுவும் வந்தது.

நம்மவர்கள் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தாழ்ந்த கியரை மலை ஏறும்போது மட்டும் நினைக்கிறார்கள். இறங்கும்போது மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு குடம் வெந்நீர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் ஏலகிரிக்குக் கிளம்புகின்றன. ஜோலார்பேட்டை அருகே பொன்னேரியில் மலைப்பாதை தொடங்குகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஏறும்போது பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம். இறங்கும்போதுதான் காருக்குச் சோதனை.

ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகக் காரின் எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600 மீட்டர் உயரம் இறங்குகிறது. அத்தனை பாரத்தையும் பிரேக்கே தாங்கினால் எவ்வளவு சூடு பிறக்கும் தெரியுமா? சுமார் 28 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதாவது இரண்டு குடம்! அந்தச் சூட்டில் பெரும்பகுதி முன் சக்கரங்களில் உள்ள டிஸ்க்கில்தான் ஏறுகிறது. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்வதே காரணம். பின் சக்கரத்தைவிட முன் சக்கரத்துப் பிரேக் கட்டை சீக்கிரம் தேய்வதும் இதனால்தான்.

சூடு மிஞ்சினால் கட்டையின் பிடிப்புக் குறைகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக் ஆயிலில் இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி புகுந்துவிடும். பிறகு பெடலை மிதித்தால் அது தரையைத் தொடும், கார் நிற்காது! டயருக்கும் சீட் உறைக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இந்த ஆயிலை மாற்றக் கணக்குப் பார்ப்பது வேடிக்கைதான்.

மாடு தாங்கும் பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. இறக்கத்தில் கட்டையை மட்டும் அவர்கள் நம்பவில்லை. மாடுகளும் கால் ஊன்றிப் பாரத்தைத் தாங்கின. காருக்கு என்ஜின்தான் மாடு. எந்தக் கியரில் மலை ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். என்ஜின் காரைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் காரிலும் தாழ்ந்த கியருக்கு வழி இருக்கிறது.

பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் இறங்குகிறார்கள். இது தப்புக் கணக்கு. இப்போதைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடப் பெட்ரோல் செலவாகும். என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களை என்னவென்று சொல்வது! நாலைந்து முறை மிதித்ததும் பிரேக் கல்லாக இறுகும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

துளை போட்ட டிஸ்க் வாங்கி மாட்டினால் பிரேக் சூடாகாது என்று ஆசை காட்டுவோர் உண்டு. பந்தயக் காருக்கு அது உதவலாம். ஏலகிரி போய் வரும் குடும்பக் காருக்கு அது வெறும் நகை. பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே வராமல், வேண்டிய இடத்தில் அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்தால் போதும். இடையிடையே காற்றுப் பட்டு டிஸ்க் ஆறும். கட்டையும் நெடுநாள் வரும்.

தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்ட வேண்டும். காரைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விடலாம். தண்ணீரை ஊற்றக் கூடாது. காய்ந்த டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது வளையலாம், வெடிக்கவும் செய்யலாம். வாடை வருகிறது என்று பின் சீட்டில் இருந்து பாட்டி சொன்னாலும் சரி, பிள்ளை சொன்னாலும் சரி, ஓட்டுபவர் கோபிக்காமல் நிறுத்த வேண்டும்.

மேட்டில் நிறுத்திக் காரை எடுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். மலை இறங்கவும் ஒரு நாள் சொல்லித் தர வேண்டாமா? வேலூர் வட்டாரப் பள்ளிகள் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஏலகிரி பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிறு கூட்டத்தில் வேண்டாம். வார நாளில் காலையில் போகலாம்.